கிதாரும் கேள்வியும்

“சார், வாத்தியார் இல்லாமல் கிதார் கற்றுக்கொள்ள முடியுமா?” என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். 2017-ஆம் ஆண்டு அது. நான் அப்போது ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். “எதையும் ஆசிரியர் இல்லாமல் முறையாகக் கற்க முடியாது” என்று உடனே விடை சொன்னேன். தொழிற்பற்று சொல்லவைத்த விடை அது. நான் கிதாரைத் தொட்டுப் பார்த்தவனும் அல்லன். அந்த விடையில் எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அவ்வாறு தெரிந்துகொண்டதையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஊர் ராயகிரி. தென்காசி மாவட்டத்தில், சிவகிரிக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். எங்கள் பக்கத்து ஊர்களில் இசைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கொடை விழா வந்தால் நாகசுரமும் தவிலும் உறுமியும் பம்பையும் இரவு முழுவதும் ஒலிக்கும், வில்லுப்பாட்டு நடக்கும். இக்கருவிகளைக் கற்கும் முறையைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். மேளக்காரர் வீட்டுப் பையன் முதலில் தந்தையின் கருவியைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பான். பிறகு சுருதிப் பெட்டியைப் பிடிப்பான். பிறகு தாளம் போடுவான். அவன் கையில் நாகசுரம் வரும் நாளில் அவன் செவிக்குள் ஆயிரம் கச்சேரிகள் இருக்கும். திருநெல்வேலிச் சீமை பெற்றெடுத்த காருகுறிச்சி அருணாசலம் அவர்கள் (1921–1964) திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்களிடம் குருகுலவாசமாக இருந்து வளர்ந்தவர். குருவின் அருகிலேயே இருந்து, குரு வாசிப்பதைக் கேட்டு, தாம் வாசிப்பதைக் குரு கேட்கும்படி வாசித்து வளர்வதே குருகுலம்.

கிதாருக்கு எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட வீடு இல்லை. சில தேவாலயங்களில் பாடகர் குழுவோடு கிதார் வாசிக்கும் இளைஞர்கள் உண்டு. மற்றபடி கிதார் திரைப்படப் பாட்டில் காதால் கேட்கும் பொருள்தான். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. கிதார் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கிதார் மேல் ஆசை கொண்ட கிராமத்துப் பையனுக்குக் கைப்பேசியே ஆசிரியர்.

என்னிடம் கேட்ட மாணவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். அவன் தந்தை எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். இரண்டு பருவத்துக் கூலியில் மிச்சம் பிடித்து மகனுக்கு விலை குறைந்த கிதார் ஒன்றை வாங்கித் தந்தார். பையன் நாள்தோறும் கைப்பேசியில் பாடங்களைப் பார்த்துப் பழகினான். நான்கு மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் மாலை அந்தக் கிதாரைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். “எனக்கு இசை வராது சார். எவ்வளவோ பழகிப் பார்த்துவிட்டேன். ஆண்டு விழாவில் யாருக்காவது பயன்படட்டும்” என்றான். அவனுடைய இடக்கை விரல் நுனிகள் வெடித்திருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன், பார்த்ததோடு சரி. “போகட்டும், படிப்பைக் கவனி” என்று சொல்லிக் கிதாரை வாங்கி அலமாரியின் மேல் வைத்தேன். தேர்வு நெருங்கும் வேளையில் ஒரு கவலை குறைந்தது என்றுகூட மனத்துக்குள் நினைத்தேன்.

2019-ஆம் ஆண்டு மே மாதம் பணி நிறைவு பெற்றேன். ஆண்டு விழாவில் ஒருவரும் தொடாத அந்தக் கிதார், பையனிடமே திருப்பித் தரலாம் என்ற எண்ணத்தில், என்னோடு வீட்டுக்கு வந்தது. அவனோ பள்ளியை முடித்துத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. வாசலைத் தாண்ட வழியில்லாத அந்த நாட்களில், 59 வயதில், நான் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. எனக்குத் தெரிந்தது வீணையின் தோற்றம். வீணைக்குக் குடம் உண்டு. கிதாருக்கும் ஒலி பெருகும் மரப்பெட்டி உண்டு. வீணைக்குத் தண்டி உண்டு. கிதாருக்கும் கழுத்துப் போன்ற நீண்ட பகுதி உண்டு. கம்பிகளை முறுக்கும் பிருடைகளும், அவற்றைத் தாங்கும் குதிரையும், விரல் வைக்கும் மெட்டுகளும் இரண்டிலும் இருக்கின்றன. வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் பதிக்கப்பட்டு உயரமாக நிற்கும். அதனால் கம்பியை இழுத்துக் கமகம் கொடுக்கலாம். கிதாரின் மெட்டுகள் மரத்தில் தாழப் பதிந்தவை. சிறிது இழுக்கலாம், வீணையைப் போல இழுக்க இயலாது.

கிதாருக்குக் கம்பிகள் 6. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை அவற்றுக்கு ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று மேல்நாட்டுச் சுரப்பெயர்கள். தடித்த ஆறாம் கம்பி நொடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. மெல்லிய முதல் கம்பி 330 முறை அதிர்கிறது. மெட்டுகளின் இடைவெளி ஓர் அழகிய கணக்கு. கம்பியை அதன் சரிபாதியில், அதாவது 12-ஆம் மெட்டில் அழுத்தினால், அதிர்வு இருமடங்காகி மேல் சட்சம் கிடைக்கும். அதற்குள் 12 படிகள். ஒவ்வொரு படிக்கும் கம்பியின் எஞ்சிய நீளத்தில் ஏறக்குறைய 18-இல் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பது பழைய வாய்பாடு. 16-ஆம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்தவர் இத்தாலிய இசைவாணர் வின்சென்சோ கலிலி; வானியல் அறிஞர் கலிலியோவின் தந்தை. 65 சென்டிமீட்டர் கம்பியில் முதல் மெட்டு ஏறக்குறைய 3.6 சென்டிமீட்டரில் விழும். மெட்டுகள் குதிரையை நோக்கிப் போகப் போக நெருங்குவதன் காரணம் இதுவே. கணக்கு ஆசிரியனாகிய எனக்கு இது இனித்தது. ஆனால் கணக்கு புரிந்தது, கைதான் பணியவில்லை.

விரலை வைத்து அழுத்தினேன். கம்பி மெட்டைத் தொடாமல் ‘டொக்’ என்று செத்த ஓசை எழுப்பியது. இன்னும் பலமாக அழுத்தினால் விரல் எரிந்தது. கைப்பேசியில் பாடம் சொல்லும் இளைஞர் சிரித்த முகத்தோடு, “விரலை மெதுவாக வைத்தால் போதும்” என்று சொன்னார். அவர் சொன்னது பொய்யன்று. அவருடைய கிதாரில் அது உண்மை. மூன்று மாதங்கள் முயன்று, கார்டு என்று அவர்கள் சொல்லும் சுரக்கூட்டுகளில் இரண்டைக்கூட என்னால் தெளிவாக ஒலிக்கச் செய்ய முடியவில்லை. வயது ஆகிவிட்டது, இனி வராது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு வேறொரு வேலையாகத் தென்காசிக்குச் சென்றபோது, இசைக்கருவிகள் செப்பனிடும் ஒருவரிடம் அந்தக் கிதாரைக் காட்டினேன். அவர் அதை வாசித்துப் பார்க்கவில்லை. துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோலத் தண்டியின் நீளத்தில் ஒரு கண்ணை ஓட்டினார். ஒரு கம்பியை அழுத்தினார். “ஐயா, இதில் யார் பழகினாலும் விரல்தான் போகும்” என்றார்.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். எஃகுக் கம்பிக் கிதாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து தண்டியை இழுக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அந்த இழுப்பில் தண்டி வில்லைப்போல முன்னே வளைய முற்படும். அதைத் தடுக்கத் தண்டிக்குள் ஓர் இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். அதைத் திருகித் தண்டியை நிமிர்த்தலாம். 12-ஆம் மெட்டுக்கும் அதன் மேலுள்ள கம்பிக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது நலம். எங்கள் கிதாரில் அது 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. விலை குறைந்த கிதார்கள் பலவற்றில், குதிரையின் மேலுள்ள எலும்பு போன்ற பட்டையை அளவாகத் தேய்க்காமலே கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர் அந்தப் பட்டையைக் கழற்றி அடிப்பக்கத்தை அரத்தால் தேய்த்தார். தண்டியின் திருகைச் சிறிது முடுக்கினார். மெல்லிய புதுக் கம்பிகளைப் பூட்டினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் விரலை வைத்தேன். மணி அடித்தாற்போல் சுரம் எழுந்தது.

நேயர்களே, அந்த ஒலியைக் கேட்டு நான் மகிழவில்லை. வெடித்த விரல் நுனிகளோடு என் மேசைக்கு எதிரில் நின்ற பையனே நினைவுக்கு வந்தான். இசை வராது என்று தன் மேல் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு போனவன் அவன். அந்தத் தீர்ப்பின் கீழ் நானும் கையொப்பம் இட்டேன். குற்றம் 2 மில்லிமீட்டர் மரத்துண்டில் இருந்தது.

ஆசிரியர் எதற்கு என்ற கேள்வி எனக்கு அன்றுதான் உண்மையாக எழுந்தது. எந்த விரலை எந்த மெட்டில் வைப்பது என்று சொல்ல இன்று ஆசிரியர் தேவையில்லை. நூலில் படம் இருக்கிறது. கைப்பேசியில் அசையும் படமே இருக்கிறது. நூறு முறை கேட்டாலும் சலிக்காமல் அது திரும்பச் சொல்லும். ஆனால் அந்தப் பையனின் விரலைக் கைப்பேசி பார்க்கவில்லை. அவன் எழுப்பிய ஓசையைக் கேட்கவில்லை. தமிழில் கேள்வி என்னும் ஒரே சொல் காதால் கேட்பதையும் குறிக்கும். ஐயம் வினவுவதையும் குறிக்கும். கைப்பேசியில் பையன் கேட்டான். பையனைக் கேட்பவர் இல்லை. வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆசிரியர்களாகிய நாங்கள் அதை மாணவருக்கு உரியது என்றே நடத்திவந்தோம். அது ஆசிரியருக்கும் உரியது.

இதற்குச் சான்றாக மூவரை நினைக்கிறேன்.

முதலாமவர் பாலுசாமி தீட்சிதர் (1786–1859). முத்துசாமி தீட்சிதரின் இளவல். எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கியவர். சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த நாளில், ஓர் ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டுகள் வயலின் பயின்றார். பிடிப்பதற்கும் வில் போடுவதற்கும் அவருக்கு ஆசிரியர் கிடைத்தார். நம் இராகங்களை அந்தக் கருவியில் வாசிக்கக் கற்பிப்பார் அன்று யார்? அதற்கு அவருக்குத் துணை நின்றவை, இசைக் குடும்பத்தில் பிறந்து பழுத்த அவருடைய செவிகளே. அந்நியக் கருவியாக வந்த வயலின் இன்று அரசு இசைப்பள்ளிப் பாடத்தில் இருக்கிறது.

இரண்டாமவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014). ஆந்திர மாநிலம் பாலகொல்லுவில் பிறந்தவர். ஆறு வயதுச் சிறுவனாகத் தந்தையின் மாண்டலினை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். தந்தையின் ஆசிரியரான ருத்ரராஜு சுப்பராஜு அச்சிறுவனின் திறமையைக் கண்டு கற்பிக்க முன்வந்தார். செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர் அவர், பாட்டுக்காரர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். அவர் பாடுவார், சிறுவன் அதைக் கருவியில் தேடி எடுப்பான். பிறழ்ந்தால் மறுபடி பாடுவார். விரல் வைக்கும் முறையைச் சிறுவனே கண்டுகொண்டான். கருவியை அறியாத ஆசிரியரும் நல்ல செவி உடையவராயின் ஒரு மேதையை உருவாக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மூன்றாமவர் ஸ்பெயின் நாட்டு ஆந்திரே செகோவியா (1893–1987). கிதாரைப் பெரிய இசையரங்குகளில் ஏற்றியவர்களுள் முதன்மையானவர். வீட்டார் விரும்பாத நிலையில், பெரும்பாலும் தாமாகவே பயின்றவர். தம் ஆசிரியரும் தம் மாணவரும் தாமே என்று சொல்லிக்கொண்டவர். அவருக்குள் இருவர் இருந்தனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்; ஒருவர் வாசித்தார், மற்றவர் கேட்டார்.

இம்மூவரையும் வைத்துப் பார்த்தால், பழைய கேள்விக்கு என் புதிய விடை இது: கிதார் ஆசிரியர் இல்லாமல் கிதார் கற்கலாம், கேட்பவர் இல்லாமல் கற்க முடியாது. அருகில் நல்ல ஆசிரியர் இருந்தால் அவரிடம் செல்வதே குறுக்கு வழி. செலவும் குறைவு, காலமும் மிச்சம். நம் இளையராஜா அவர்கள் அண்ணனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்துப் பழகியவர். சென்னை வந்த பின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் பயின்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார்த் தேர்விலும் தேறினார். கேள்வி ஞானம் நிறைந்திருந்தவரே ஆசிரியரைத் தேடிச் சென்றார் என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

ஆசிரியர் கிடைக்காத ஊரில் இருப்பவர் என்ன செய்வது? என் சொந்தப் பிழைகளிலிருந்து நான் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கருவியைச் சோதித்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவோர், நைலான் கம்பி பூட்டிய கிதாரில் தொடங்கினால் விரல் நோவு குறையும். எஃகுக் கம்பியானால் 12-ஆம் மெட்டில் இடைவெளியை அளந்து பாருங்கள். பள்ளி அளவுகோலே போதும். தெரிந்த ஒருவரிடம் ஒரே ஒரு முறை காட்டிவிடுங்கள். விரல் நுனியில் சில வாரங்கள் நோவு இருப்பது இயல்பு, தோல் காய்த்துப்போகும். மணிக்கட்டிலோ மூட்டிலோ வலி வந்தால் அது இயல்பன்று. உடனே நிறுத்திப் பிடியை மாற்ற வேண்டும். கட்டைவிரல் தண்டியின் பின்புறத்தில் தளர்ந்து நிற்கட்டும்; மணிக்கட்டு மிகவும் மடங்க வேண்டாம். விரலை மெட்டின் மேலேயும் வைக்காமல், இரு மெட்டுகளின் நடுவிலும் வைக்காமல், மெட்டை ஒட்டி அதன் பின்னால் வையுங்கள். பாதி விசையிலேயே சுரம் தெளியும்.

இரண்டாவது, சுருதி. சுருதி சேர்க்க இப்போது கைப்பேசியிலேயே செயலி உண்டு. முதல் சில வாரம் அதை வைத்துக்கொள்ளலாம். பிறகு காதால் சேர்க்கப் பழகுங்கள். ஆறாம் கம்பியை 5-ஆம் மெட்டில் அழுத்தினால் வருவது ஐந்தாம் கம்பியின் திறந்த ஒலி. இப்படியே ஐந்திலிருந்து நான்காம் கம்பிக்கும், நான்கிலிருந்து மூன்றாம் கம்பிக்கும் வரலாம். மூன்றாம் கம்பியை மட்டும் 4-ஆம் மெட்டில் அழுத்தி இரண்டாம் கம்பியைச் சேர்க்க வேண்டும். பிறகு இரண்டாம் கம்பியை மீண்டும் 5-ஆம் மெட்டில் அழுத்தி முதல் கம்பியைச் சேர்க்கலாம். இரண்டு ஒலிகள் கிட்டத்தட்டச் சேரும்போது ஒலி அலையலையாகத் துடிக்கும். சேரச் சேர அந்தத் துடிப்பு மெதுவாகி, முழுதும் சேர்ந்ததும் அடங்கிவிடும். இதைக் கேட்கப் பழகிய நாளில் உங்களுக்குள்ளே ஓர் ஆசிரியர் பிறந்துவிட்டார்.

மூன்றாவது, வரிசைகள். நம் மரபில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்குவோம். மேல்நாட்டார் தொடங்கும் மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணத்தின் சுரங்களே. அதை வாயால் பாடிக்கொண்டே விரலால் தேடுங்கள். பாட முடியாததை வாசிக்க முற்பட வேண்டாம். நம் இசையாசிரியர்கள் வாய்ப்பாட்டை முதலில் வைத்ததன் நுட்பம் கிதாருக்கும் பொருந்தும்.

நான்காவது, காலப்பிரமாணம். தனியாகப் பயில்பவனின் பெரும்பிழை இதுதான். அவனுக்கு இது தெரியவே தெரியாது. எளிய இடத்தில் ஓடுவான். ஒரு சுரக்கூட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் கடினமான இடத்தில் நிற்பான். விரல் இடம் மாறும்வரை தாளம் காத்திருக்கும் என்று அவன் நினைக்கிறான். தாளம் எவருக்கும் காத்திருப்பதில்லை. மெட்ரோனோம் என்னும் தாளக்கருவியும் இப்போது கைப்பேசியில் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 50 அல்லது 60 தட்டு என்று மிக மெதுவாக வைத்துக்கொண்டு, இரண்டே சுரக்கூட்டுகளை மாற்றி மாற்றி வாசியுங்கள். பிழையின்றி வந்த பிறகு நான்கு தட்டு கூட்டுங்கள். நாள்தோறும் 20 நிமிடம் காலையிலும் 20 நிமிடம் மாலையிலும் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வாசிப்பது பயன் தராது.

ஐந்தாவது, வாசிப்பதைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். மறுநாள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வாசிக்கும்போது நம் காது விரலுக்குப் பரிந்து பேசும்; ஓர் இரவு கழிந்தபின் அது நடுநிலைக்கு வரும். என் முதல் பதிவைக் கேட்டபோது, என் நடை மாட்டு வண்டி மேட்டில் ஏறி இறங்குவதுபோல இருக்கக் கண்டேன். முந்தைய நாள் அதை வாசித்துவிட்டு நானே என்னை மெச்சிக்கொண்டிருந்தேன்.

பேஸ் கிதார் பழக விரும்பும் இளைஞரும் உளர். அவர்களுக்கும் ஒரு சொல். பேஸ் கிதாருக்குப் பெரும்பாலும் கம்பிகள் 4. கிதாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பவை. அமெரிக்காவில் லியோ பெண்டர் 1951-இல் வெளியிட்ட மின் பேஸ் கிதார், ஆளுயரப் பெரிய பேஸ் வாத்தியத்தைச் சுமந்து திரிந்தவர்களின் முதுகைக் காத்தது. அதன் வேலை, தாளத்தையும் சுரக்கூட்டின் அடிச்சுரத்தையும் ஒன்றாகப் பிணைத்து நிறுத்துவது. கட்டடத்தின் கடைக்காலைப்போல, இருப்பது தெரியாது; இல்லாவிட்டால் தெரியும். இளையராஜாவின் 1980-களின் பாடல்களில் பேஸ் கிதார் தனியே ஒரு பாட்டையே பாடிக்கொண்டு போவதைக் கவனித்துக் கேட்டால் காணலாம். அதன் தடித்த கம்பி நொடிக்கு 41 முறையே அதிர்கிறது. அந்தத் தாழ்ந்த ஒலியைக் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் தர இயலாது. ஆகவே கைப்பேசியைக் காதில் மாட்டும் கருவியோடு கேளாமல் பேஸ் கற்க முற்படுபவன், இல்லாத ஒலியைப் பார்த்துக் காப்பி எழுதுகிறான்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும், ஒருவர் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையேனும் உங்கள் வாசிப்பைக் கேட்டு, “இந்த இடம் சரியில்லை” என்று கூசாமல் சொல்லும் ஒருவர். அவர் கிதார் வித்துவானாக இருக்க வேண்டியதில்லை. கோயில் நாகசுரக்காரராக இருக்கலாம். தேவாலயத்தில் பாடுபவராக இருக்கலாம். தாளம் தவறாத ஒரு வில்லுப்பாட்டுக்காரராக இருக்கலாம். நான் அருகிலுள்ள ஊரில் தேவாலயத்தில் கிதார் வாசிக்கும் ஓர் இளைஞரிடம் சென்றேன். என் வயதில் பாதிகூட இல்லாதவர். தயங்கித் தயங்கி, “சார், வலக்கை மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறீங்க” என்றார். ஏழு மாதமாக நான் அறியாத பிழை அது.

தென்காசியிலிருந்து கிதாரோடு திரும்பிய அன்றிரவே அந்த மாணவனின் எண்ணை அவன் தந்தையிடம் வாங்கித் திருப்பூருக்குப் பேசினேன். கம்பி உயரத்தையும் மில்லிமீட்டர் கணக்கையும் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், “அப்படியானால் எனக்கு வராது என்று இல்லையா சார்?” என்று கேட்டான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு தலைமையாசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் தலைமுறைக்குப் பழக்கமில்லாதது. அவன் பதறி, “அதெல்லாம் எதற்கு சார்” என்றான். அவன் விரல்களைப் பார்த்தும் கேளாமல் இருந்ததற்காக என்று சொன்னேன்.

2021 பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் கிதாரை எடுத்துச் சென்றான். எனக்கு நைலான் கம்பிக் கிதார் ஒன்றை வாங்கிக்கொண்டேன். அவன் வேலை கடினமானது. இரவுப் பணியும் உண்டு. வாரத்தில் மூன்று நாள் பழக முடிந்தால் அதிகம். ஆயினும் மாதம் ஒரு முறை தன் வாசிப்பைப் பதிவு செய்து எனக்கு அனுப்புகிறான். அவன் என்னைவிட நன்றாகவே வாசிக்கிறான். நான் அதைத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முறை கேட்பேன். கேட்டபின் எனக்குத் தோன்றுவதை எழுதி அனுப்புவேன்.

சென்ற மாதம் வந்த பதிவில் மூன்றாம் கம்பி சிறிது சுருதி இறங்கியிருந்தது. இரண்டாவது சுரக்கூட்டுக்கு மாறும் இடத்தில் ஓடுகிறான். இரண்டையும் எழுதியிருக்கிறேன். அடுத்த பதிவுக்காகக் காத்திருக்கிறேன்.